டிகின்டர் என்ட்ரி: பிழை தேடல் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

பைத்தானில் ஜன்னல், பொத்தான் வரைய உதவும் டிகின்டரில், எண் மட்டும் ஏற்க வேண்டிய என்ட்ரி (ஒற்றை வரி உள்ளீட்டுப்) பெட்டி. வேலிடேட் 'கீ' (ஒவ்வொரு மாற்றத்தையும் சோதி), வேலிடேட்கமாண்டில் சோதிக்கும் ஒரு ஃபங்ஷன். முதல் எழுத்துக்குச் சோதனை நடக்கிறது; அதற்கப்புறம் எதைத் தட்டினாலும் ஏறுகிறது. நிரல் வரிகளைக் குடைவதற்கு முன் பெட்டியின் வேலிடேட் மதிப்பைப் பிரிண்ட் செய்து பார்க்க வேண்டும். 'கீ' இருந்த இடத்தில் 'நன்' (none) என்று வந்தால், டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே சோதனையைத் தானே அணைத்துவிட்டது.

பெரும்பாலும் காரணம், இஃப் கிளையில் மட்டும் ட்ரூ திருப்பி, எல்ஸ் எழுதாமல் விட்டது. அப்போது திரும்புவது ஃபால்ஸ் அல்ல, பைத்தானில் 'மதிப்பில்லை' எனப்படும் நன் (None). டிகே அதை ஏற்காது. ஃபங்ஷனுக்குள் எக்ஸெப்ஷன் கிளம்பினாலும் இதே கதிதான். டெர்மினல் இல்லாமல் ஓட்டினால் டிரேஸ்பேக் (பிழை அறிக்கை) கண்ணிலேயே படாது. சோதனைக்குள்ளேயே இன்சர்ட், டெலீட் செய்தாலும், பெட்டியோடு கட்டிய ஸ்டிரிங்வார் மாறிக்கு மதிப்பு கொடுத்தாலும் அணைந்துவிடும். சோதனை தீர்ப்பு மட்டும் சொல்லட்டும். திருத்தம் வேண்டுமென்றால், அதைச் சோதனை முடிந்தபின் ஓட்ட ஆஃப்டர்_ஐடில் இருக்கிறது.

மார்ச் 4, 2025

சோதனை நிலைக்கிறது, ஆனால் 125 என்பதை அழித்துக்கொண்டே வந்தால் '1' மட்டும் போக மறுக்கிறது. கடைசி பேக்ஸ்பேஸுக்குப் பின் மிஞ்சுவது வெற்றுச் சரம். எல்லாம் இலக்கமா என்று பார்க்கும் இஸ்டிஜிட் அதற்கு ஃபால்ஸ் தரும். இதன் விளைவு வேறோர் இடத்தில் வெடிக்கும்: நிரல் பழைய மதிப்பை முழுதாக டெலீட் செய்து 40 என்று இன்சர்ட் செய்யும்போது, டெலீட்டும் இதே சோதனையில் நிராகரிக்கப்பட்டு, பெட்டியில் 40125 நிற்கும். வெற்றுச் சரத்தை அனுமதிப்பதுதான் தீர்வு. குறை எண் வேண்டுமானால் தனியாக நிற்கும் '-' குறியையும் அனுமதிக்க வேண்டும். முழுச் சரிபார்ப்பை, பெட்டியை விட்டு வெளியேறும்போது எழும் ஃபோகஸ்அவுட்டில் வைப்பதே நல்லது.

இஸ்டிஜிட்டை விட இஸ்டெசிமல் மேல். முன்னது '²' என்பதையும் அனுமதித்துவிடும், எண்ணாக மாற்றும் இன்ட் அதில் தடுக்கி விழும். '௧௨' இரண்டிலும் தேறும். இன்ட் அதை 12 என்றே படிக்கும்.

மார்ச் 6, 2025

விசை தட்டும்போது எழும் கீ நிகழ்வில் பெட்டியின் உரையைக் கெட் செய்தால் எப்போதும் ஓர் எழுத்து பின்தங்குகிறது. நிகழ்வை யார் முதலில் கையாள்வது என்று சொல்லும் பைண்ட்டேக்ஸ் வரிசையில் பெட்டியின் சொந்த பைண்ட் முதலில், எழுத்தை ஏற்றும் என்ட்ரி வகுப்பின் பைண்ட் அடுத்து. விசையை விடும்போது எழும் கீரிலீஸ் உதவும், ஆனால் மவுஸால் ஒட்டும் உரையைத் தவறவிடும். ஸ்டிரிங்வார் மீது டிரேஸ் (மாற்றக் கண்காணிப்பு) வைத்தால் இரண்டும் பிடிபடும்.

மார்ச் 7, 2025

முழு எண் மாறியான இன்ட்வார் கட்டிய பெட்டி காலியாக இருக்கும்போது கெட் செய்தால் டிகேயின் அடிமொழியான டிசிஎல்லின் பிழை எழும். ஸ்டிரிங்வார் வைத்து, எண்ணாக மாற்றுவதை, பிழையைப் பிடிக்கும் ட்ரைக்குள் செய்ய வேண்டும். படிக்க மட்டுமான ரீட்ஒன்லி பெட்டியில் இன்சர்ட் சத்தமில்லாமல் தோற்கும். நிலையை நார்மலாக்கி எழுதிவிட்டு மீண்டும் பூட்டலாம்.