வினைச்சொல் யார் கையில்?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். எழுதிவைத்த வசனம் எதுவும் கிடையாது. ஒருவர் ஒரு சூழலைத் தொடங்க, மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு அந்த நொடியிலேயே நடிக்கும் இம்ப்ரோவ் நாடகத்துக்கான பயிற்சி விளையாட்டுகளைத்தான் ஆடுகிறோம். ஆங்கிலத்தில் உருவான இவற்றைத் தமிழில் ஆடும்போது, விதிகளையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது என்பதைச் சில மாதங்கள் தடுமாறிய பிறகுதான் புரிந்துகொண்டேன்.

திருத்துவதில் தவறொன்றும் இல்லை. இவ்விளையாட்டுகளுக்கு அடித்தளமிட்ட வயோலா ஸ்போலின், 1930களின் இறுதியில் சிகாகோவில் பணியாற்றியபோது, அவர் முன்னால் நின்றவர்களில் பலர் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள். தேர்ந்த நடிகர்கள் அல்லர். விரிவுரையால் ஆகாததை விளையாட்டால் சாதிக்கலாம் என்று கண்டுகொண்டவர் அவர். 1963-இல் வெளிவந்த அவருடைய நூலை வேதமாகப் பிடித்துக்கொண்டு நாங்கள்தான் ஆரம்பத்தில் அவதிப்பட்டோம்.

முதல் சிக்கல் ‘ஆமாம், அதோடு’ என்ற பயிற்சியில் வந்தது. எதிரில் இருப்பவர் முன்வைப்பதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் ஒன்றைக் கூட்ட வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டியிலும் பட்டிமன்றத்திலும் தீட்டப்பட்ட எங்கள் நாக்குக்கோ எதிராளியை மடக்கத்தான் தெரியும். வாய் ‘ஆமாம்’ என்று தொடங்கினாலும் அடுத்த சொல் ‘ஆனா’ என்றே வந்து விழுந்தது. அதுவுமல்லாமல், “வா, மீன் பிடிக்கப் போகலாம்” என்று கூப்பிட்டால் எந்தத் தமிழரும் ‘ஆமாம்’ என்று சொல்வதில்லை. “போகலாமே” என்றுதான் சொல்வோம். எனவே ‘ஆமாம்’ என்ற சொல்லுக்கே தடை போட்டோம். எதிராளியின் வினைச்சொல்லை எடுத்துத்தான் உங்கள் பதிலைத் தொடங்க வேண்டும்: “போகலாம், தாத்தாவோட வலையையும் எடுத்துக்குவோம்.” நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், அதைப் பிடிக்க வேண்டுமென்றால் முழு வாக்கியத்தையும் கேட்டே ஆக வேண்டும். பாதியிலேயே பதிலைத் தயாரித்துக்கொள்ளும் பழக்கம், நான் எத்தனை முறை சொல்லியும் போகாதது, இதில் தானாகவே குறையத் தொடங்கியது.

வட்டமாக நின்று ஆளுக்கொரு சொல்லாகக் கதை சொல்லும் விளையாட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் இரண்டாவது, மூன்றாவது ஆளிடமே வினை வந்துவிடும். எங்கள் வட்டத்தில் ஒரு நாள், ‘நேற்று’, ‘ராத்திரி’, ‘பாட்டி’, ‘எல்ஆர்டி’, ‘ஸ்டேஷனில்’, ‘புலியை’ என்று வந்த கதை அங்கேயே சிக்கிக்கொண்டது. வினையைச் சொல்லும் பொறுப்புக்கு அஞ்சி ஒவ்வொருவரும் ‘மெதுவாக’, ‘அன்பாக’, ‘மறுபடியும்’ என்று அடைமொழிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டே போக, கடைசியில் எங்கள் குழுவின் ஆசிரியை ஒருவர் ‘குளிப்பாட்டினாள்’ என்று முடித்துவைத்தார். இப்போது, ஒரு வாக்கியத்துக்கு எட்டுச் சொற்கள்தான் என்று வரம்பு வைத்திருக்கிறோம். வேற்றுமை உருபையும் பெயரைச் சொல்பவரே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ‘புலியை’ என்பதும் ‘புலிக்கு’ என்பதும் வேறு வேறு கதைகள் அல்லவா?

ஒருவரின் அசைவை எதிரில் நிற்பவர் பிம்பம்போல் அப்படியே செய்யும் கண்ணாடிப் பயிற்சிக்கு மொழி தேவையில்லை என்பதால் அதில் மாற்ற ஏதும் இல்லை. பொருளற்ற ஓசைகளில் உரையாடும் பயிற்சியில் மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு: ஓசை, அண்டை வீட்டாரின் மலாயையோ கான்டனீஸையோ கேலி செய்வதுபோல் ஆகிவிடக் கூடாது. கோலாலம்பூரில் நாக்கு அந்தப் பக்கம் எளிதில் சரிந்துவிடும். சிரிப்பும் உடனே கிடைத்துவிடும். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

மிகவும் யோசிக்கவைத்தது சீட்டு விளையாட்டு. ஒவ்வொருவரும் ஒரு சீட்டைப் பார்க்காமலேயே நெற்றியில் ஒட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் அதன் மதிப்புக்கு ஏற்ப நடத்துவதை வைத்துத் தன் தகுதிநிலையை, அதாவது அந்தஸ்தை, ஊகிக்க வேண்டும். தமிழில் வினையின் விகுதியே மரியாதையைச் சுமப்பதால், ‘வா’, ‘வாங்க’ என்ற ஒரே சொல்லில் ஆட்டம் முடிந்துவிடும் என்று பயந்தேன். நடந்தது வேறு. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அண்ணனுக்கு மதிப்புக் குறைந்த இரண்டாம் எண் சீட்டு வந்தது. இளையவர்கள் யாருக்கும் அவரை ‘வா’ என்று சொல்ல வாய் வரவில்லை. “வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?” என்றே கேட்டார்கள். அவரும் தம்மை ராஜா என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருப்பவர் உயர்ந்தவராகத் தோன்றுவார் என்பது, தகுதிநிலையை நடிப்புப் பயிற்சியின் மையத்துக்குக் கொண்டுவந்த கீத் ஜான்ஸ்டனின் கவனிப்பு. அதை நினைவூட்டிவிட்டு மீண்டும் ஆடச் சொன்னேன். ஓர் இளம்பெண், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், தலையும் அசையாமல், “உக்காருங்கண்ணே” என்றாள். மரியாதை விகுதி அப்படியேதான் இருந்தது. அண்ணன் நாற்காலியின் நுனியில் மட்டும் ஒட்டியபடி உட்கார்ந்து, “ரெண்டுதானே?” என்று கேட்டார்.

இதை ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மின்விசிறி மட்டும் உள்ள மாடியில் சீட்டை ஒட்டுநாடாவால் நெற்றியில் ஒட்டாதீர்கள். வியர்வையில் ஐந்து நிமிடம்கூட நிற்காது. துணிப்பட்டை ஒன்றைத் தலையில் கட்டி அதில் செருகிக்கொள்ளுங்கள்.