வேகம் இணைப்பிலா, டிஸ்க்கிலா?

வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டால், வேகமான இணைப்புள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது இணைப்பின் வேகமே தவிர டிஸ்க்கின் வேகம் அன்று.

டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா (SATA) 3 இணைப்பின் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால், நமக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 600 மெகாபைட்தான். வீடுகளில் பயன்படும் சுழலும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை, ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போதுகூட அதில் பாதியை எட்டுவதில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி நொடி ஆகிறது. வேண்டிய தரவு, அதைப் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும், ஹெட் நகரும் நேரம் தனிக் கணக்கு. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்காக இந்தக் காத்திருப்பு திரும்பத் திரும்ப நேர்வதால்தான் கணினி திணறுகிறது. கேபிளை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே முதலில் மாற வேண்டியது, சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத்தான் (SSD). சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் தரும். மதர்போர்டின் அதிவேகப் பாதையான பிசிஐஇ (PCIe) 3.0 தடங்கள் நான்கைப் பயன்படுத்தும் என்விஎம்இ (NVMe) வகை எஸ்எஸ்டியின் இணைப்போ ஏறத்தாழ 3.9 கிகாபைட் வரை தாங்கும். ஆனாலும் உலாவி, கடிதம், கணக்கு என்ற அளவில் புழங்குபவருக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எளிதில் தெரியாது. பெரிய வீடியோக்களைத் தொகுப்பவர்களுக்கு அது நிச்சயம் பயன்படும்.

வாங்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டைப் படித்துவிடுவது நல்லது. எஸ்எஸ்டியை நேரடியாகச் செருகும் எம்.2 ஸ்லாட் இருப்பதாலேயே அது என்விஎம்இயை ஏற்கும் என்று கொள்ள முடியாது. சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டுமே ஏற்கும். வேறு சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எதையேனும் செருகியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும் என்பதால், பழைய டிஸ்க் காணாமற்போனது போலத் தோன்றும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் அது திரும்பிவிடும். மிகப் பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) உள்ள கணினிகள் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாமல் போகலாம். அவற்றுக்குச் சாட்டா எஸ்எஸ்டியே ஏற்றது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டாம். படங்களையும் பேக்கப்பையும் வைத்துக்கொள்ள அதன் வேகம் தாராளமாகப் போதும்.