வேறு லாட்டின் பரிசோதனைத் தாள்

நூற்பாலை ஒன்றுக்காக நாங்கள் தொடுத்த பண வழக்கில், ஆவணப் பட்டியலை முடித்த அன்று தரக்கட்டுப்பாட்டு மேலாளர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. "இது அந்த லாட் இல்லீங்களே சார், இதையும் குடுக்கணுங்களா?" என்றார். லாட் என்பது ஒரே தொகுதியாக நூற்ற நூல். அவர் நீட்டிய பரிசோதனைத் தாளில், நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட் எண்ணின் வேறுபாடு அளவு மீறியிருந்த இடம் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. "வேற லாட்டுன்னா வேண்டாங்க" என்றேன்.

சாயம் ஏற்றிய பின் துணியில் பட்டை பட்டையாக வரி விழுந்தது, நூலின் கவுண்ட் சீராக இல்லை என்பதே நூலை வாங்கிவிட்டுப் பணம் தர மறுத்தவரின் வாதம். அவர் குறை சொன்ன லாட்டின் தாள்கள் அனைத்தையும், எங்களுக்குப் பாதகமான ஒன்றையும் சேர்த்தே, தாக்கல் செய்தோம். எதையும் மறைக்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை.

2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் வணிக வழக்குகளுக்கென மாற்றி அமைத்த, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11, வழக்கில் எழும் எந்த விஷயத்தோடும் தொடர்புடைய ஆவணங்களை, அவை சாதகமானாலும் பாதகமானாலும், வெளிப்படுத்தச் சொல்கிறது. அந்தத் தொடர்பு எங்கே முடிகிறது என்பதுதான் சிக்கல். எதிர்த்தரப்பு மேலும் தேடி விசாரிக்க வழிகாட்டக்கூடிய ஆவணமும் தொடர்புடையதே என்று 1882இல் பெருவியன் குவானோ வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த அளவுகோலை வைத்தால், அந்தத் தாள் உள்ளே வந்துவிடும். ஆனால் செலவும் காகிதக் குவியலும் பெருகியதால், 1999இல் அந்த நாடே வழக்கமான வெளிப்படுத்தலுக்கு அந்த அளவுகோலைக் கைவிட்டது. எல்லையே இல்லையென்றால் ஆலை தன் எல்லா லாட்டுகளின் பதிவேட்டையும் கொட்ட வேண்டியிருக்கும். அந்தத் தாளிலேயே வேறொரு வாடிக்கையாளரின் பெயரும் இருந்தது. இவ்வளவும் எனக்குச் சமாதானமாகத்தான் இருக்கிறது.

இருந்தும், இரண்டு லாட்டும் ஒரே மெஷினில், சில வார இடைவெளியில் ஓடியவை. இங்கிலாந்து சுருக்கிக்கொண்டது என்பதால் நம் விதியின் சொற்களும் சுருங்கிவிடுமா? வேறு ஆவணம் எதுவும் தம்மிடம் இல்லை என்று ஆலையின் சார்பில் சத்தியப் பிரமாணம் செய்தவர், என் சொல்லை நம்பிக் கையெழுத்திட்ட அந்த மேலாளர். நான் சொன்னது சட்டக் கருத்தா, அல்லது அவர் கேட்க விரும்பிய பதிலா என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உரிய காலத்துக்குள் வந்து ஆவணங்களைப் பார்வையிட்டார். மற்ற லாட்டுகளின் தாள்களைக் கேட்டு அந்தக் கட்டளையின் விதி 5இன் கீழ் மனு எதுவும் போடவில்லை. அதில் எனக்கு நிம்மதி ஏற்பட்டது உண்மை. ஆனால் வெளிப்படுத்தும் கடமை எதிரி கேட்பதைப் பொறுத்தது அல்ல. வழக்கு முடியும் வரை அது தொடரும் என்று அதே கட்டளை சொல்கிறது.

மேலாளரின் குறுக்கு விசாரணை நெருங்குகிறது. மற்ற லாட்டுகளைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். "அப்படீன்னா இப்பவே குடுத்தர்லாங்களே சார்?" என்று கேட்டார். மூத்த வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகப் பதில் கூறியிருக்கிறேன்.