அப்பத்தாவின் ஏழு பாட்டும் ஒரு ஃபீடும்

அப்பத்தா பாடிய ஏழு பாட்டுகளைப் போன வருடம் காரைக்குடி வீட்டு வளவில் பதிவு செய்தோம். நான் கிடார், தவிலுக்குப் பக்கத்துத் தெரு அண்ணன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்துப் பூசிய சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். ஒரு தடவை கைதட்டினால் மூன்று தடவை கேட்கும். கல்யாணச் சமுக்காளங்களை இறக்கித் தேக்குத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் தாலாட்டு தாலாட்டாகக் கேட்டது. ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாட மாட்டேன் என்றுவிட்டார். அதை ஊருணிக் கரையில் எடுத்தோம்.

சரி, எங்கே வெளியிடுவது? முந்தைய ஆல்பத்தை, பாட்டை ஆப்களில் ஏற்றித் தரும் ஒரு விநியோக நிறுவனம் மூலம் விட்டிருந்தேன். வருடச் சந்தா. ஒரு வருடம் கட்ட மறந்தேன், பாட்டெல்லாம் எல்லா ஆப்களிலிருந்தும் காணாமல் போயின. "வாடகை கட்டலைன்னா கடையைப் பூட்டுவான், சரக்கையுமா தூக்கிப் போடுவான்?" என்றார் அப்பத்தா.

அப்போதுதான் பாட்காஸ்ட் ஃபீடில் பாட்டு விடலாம் என்று தெரிந்தது. பாட்காஸ்டுக்கு அடியில் இருப்பது எபிசோடுகளைப் பட்டியலிடும் ஒரே ஒரு ஆர்எஸ்எஸ் கோப்பு. அதைத்தான் ஃபீடு என்கிறார்கள். அது நம் சொந்த இணைய முகவரியில் கிடக்கும், எந்த ஆப் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளும். ஆடம் கரியும் டேவ் ஜோன்ஸும் 2020-இல் தொடங்கிய பாட்காஸ்ட் இண்டெக்ஸ் என்ற திறந்த பட்டியலில் அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். அவர்கள் கொண்டுவந்த புது டேகுகளில், அதாவது கோப்புக்குள் எழுதும் குறிச்சொற்களில், 'மீடியம்' என்று ஒன்று. அதில் 'மியூசிக்' என்று எழுதினால், இது பேச்சு அல்ல, பாட்டு என்று விவரம் தெரிந்த ஆப்கள் புரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஆப்கள் கொஞ்சம்தான்.

ஃபீடைக் கையாலேயே எழுதினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எம்பி3 முகவரி, பைட் கணக்கில் அளவு, கோப்பு வகை. ஒரே ராத்திரி வேலை. காலையில் பட்டியலில் கொடுத்தால், ஃபீடைப் படிக்கவே முடியவில்லை என்று வந்தது. அரை நாள் தேடினேன். 'கும்மி & குலவை' என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்திருந்தேன். ஃபீடு எழுதும் எக்ஸ்எம்எல் மொழியில் அந்த & குறி அப்படியே வரக்கூடாதாம். அதற்கு மாற்று எழுத்து முறை உண்டு. நான் மல்லுக்கட்டாமல் 'கும்மியும் குலவையும்' என்று மாற்றிவிட்டேன். இந்தப் பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆப்பில் பாட்டு வந்துவிட்டது. வளவில் எல்லோரையும் உட்காரவைத்துப் போனை அழுத்தினேன். முதலில் ஒலித்தது ஒப்பாரி. பாட்காஸ்டில் புதியதுதானே மேலே நிற்கும்? நான் கடைசியாக ஏற்றியது அதுதான். தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடியும்படி அப்பத்தா வரிசை சொல்லியிருந்தார். "பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே ஒப்பாரியா? அதுவும் நடுவீட்டில!" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் எபிசோடு எண் போட்டேன். சில ஆப்கள் மதித்தன, சில சட்டை செய்யவில்லை. கடைசியில் தேதியில் கை வைத்தேன். தாலாட்டுக்கு ஆகப் புதிய நேரம், அடுத்தடுத்த பாட்டுக்கு ஒவ்வொரு நிமிடம் முந்தைய நேரம். வரிசை சரியாகிவிட்டது. ஆனால் அதே சூட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய அடையாளக் குறியீட்டையும் 'ஒழுங்குபடுத்தினேன்' பாருங்கள், அதுதான் வினை. அண்ணன் போனில் பதினாலு பாட்டு. குறியீடு மாறினால் ஆப்புக்கு அது வேறு பாட்டு. ஒரு தடவை வைத்ததை அப்புறம் தொடவே கூடாது.

அப்புறம் பணம். 'வேல்யூ' என்ற டேகில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிவிட்டால், கேட்பவர் அனுப்பும் காசு அங்கேயே பிரிந்து அவரவர் கணக்குக்குப் போய்விடும். கூடவே ஒரு வரி செய்தியும் அனுப்பலாம். மொய் எழுதுவது மாதிரிதான். அருமையான ஏற்பாடு, ஆனால் ஓடுவது பிட்காயின் என்ற கிரிப்டோ பணத்தை அனுப்பும் லைட்னிங் வலையில். "ஜீபேல வராதா தம்பி?" என்றார் அண்ணன். வராது. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வேறு. தவில்காரரை அதற்குள் இழுக்க எனக்கு மனசில்லை. 'ஃபண்டிங்' என்று எளிய டேகு ஒன்று இருக்கிறது. ஆப்பில் ஒரு பொத்தான் வரும், அழுத்தினால் நம் பக்கத்துக்குப் போகும். அங்கே யுபிஐ க்யூஆர் கோடு வைத்தேன். பங்கை நாங்களே பிரித்துக்கொள்கிறோம்: அப்பத்தாவுக்குப் பாதி, மீதி எங்கள் இருவருக்கும்.

முதல் பணம் 101 ரூபாய். குறிப்பில் 'தாலாட்டுக்கு, தேவகோட்டை' என்றிருந்தது. அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார், பேருக்கு நேரே ஊர், ஊருக்கு நேரே தொகை. எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்:

"இவுக வீட்டு விசேஷம் எப்பன்னு எப்படித் தெரியும்? நாம திருப்பிச் செய்யணும்ல?"