கத்தினால் மட்டும் ராக் ஆகிவிடாது

டிவி ராக் போட்டிகளில் பலர் சறுக்குவது உச்ச ஸ்வரத்தில் அல்ல, முதல் சரணத்திலேயே. எடுத்த எடுப்பில் முழுக்குரலையும் கொட்டிவிட்டால், திரும்பத் திரும்ப வரும் கோரஸ் பகுதியில் ஏறுவதற்குப் படியே இருக்காது. சரணத்தைப் பேச்சுக்கு அருகில் வைத்துப் பாடுபவரே பிழைக்கிறார்.

அடுத்தது கரகரப்பு. நல்ல கரகரப்பில் ஸ்ருதி தெளிவாகக் கேட்கும். மூச்சின் அழுத்தமும் சீராக இருக்கும். கழுத்து நரம்பு புடைத்து, தாடை இறுகி, வரியின் கடைசிச் சொல் கால் ஸ்வரம் கீழே இறங்கினால் அது தொண்டையை நெரித்து வரும் சத்தம். அடுத்த வாரம் குரல் கட்டினால் ஆச்சரியமில்லை.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்துவது பார்க்க ஸ்டைல்தான். ஆனால் பின்பக்கத்திலிருந்து வரும் சத்தத்தை ஒதுக்கும் மைக்கின் தன்மை போய்விடும். குரல் மங்கும், ஸ்பீக்கரில் ஃபீட்பேக் கூச்சல் கிளம்பும். சாதாரண வரிகளுக்கு உதட்டிலிருந்து 3 முதல் 5 செ.மீ., அலறலுக்குச் சுமார் 15 செ.மீ. போதும்.

மேடை முழுக்க ஓடுவதா? இடையிசையில் ஓடட்டும். ஓடிக்கொண்டே நீண்ட வரியைப் பிடித்தால் மூச்சு பாதியில் கழன்றுவிடும்.

2005-இல் வந்த ‘ராக் ஸ்டார்: ஐ.என்.எக்ஸ்.எஸ்.’ டிவி போட்டி தேடியது ஐ.என்.எக்ஸ்.எஸ். என்ற ராக் இசைக்குழுவுக்கான பாடகரை. அங்கே டிரம்ஸைக் கவனிக்காமல் தாளத்தை முந்துபவர், எத்தனை இனிய குரலானாலும், குழுவுக்குச் சுமைதான்.