நவம்பர் 1: பலகையில் எழுதும் முன்

நவம்பர் 1 நெருங்கினால் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே வரி சுற்றும்: "1956 நவம்பர் 1-இல் தமிழ்நாடு என்று பெயர் சூட்டப்பட்டது." அது தவறு. அன்று நடந்தது எல்லை மாற்றம். மாநிலச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் சென்னை மாநிலம் அதே பெயரிலேயே நீடித்தது. 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் அது மாகாணமும் அல்ல. 1956-ஐப் பற்றி எழுதும்போது 'சென்னை மாகாணம்' என்பதை அடித்துவிடுங்கள்.

எல்லையில் என்ன மாறியது என்பதை வட்ட அளவில் எழுதினால்தான் அந்த நாளின் கனம் புரியும். மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனது. தென் கன்னட மாவட்டம் மைசூருக்குப் போனது. அதிலிருந்த காசர்கோடு வட்டம் மட்டும் கேரளத்துக்கு. கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டமும் மைசூருக்கே. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் நமக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதியும் வந்தது. நாம் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

குமரி சும்மா கிடைத்துவிடவில்லை. குமரியைத் தமிழகத்தோடு இணைக்க நேசமணி முன்னின்று நடத்திய போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்தத் தேதியைச் சொல்லாமல் நவம்பர் 1-ஐ மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

திருத்தணியை இந்த நாளின் கணக்கில் சேர்ப்பது இன்னொரு பிழை. ம.பொ.சி. போன்றோர் போராடிய, ஆந்திரத்துடனான வடக்கெல்லைச் சிக்கல் 1956-இல் தீரவில்லை. அதற்கு 1959-இல் தனிச் சட்டம் வந்தது. திருத்தணி நம்மோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1-இல்.

பெயரின் வரலாறு வேறு. காந்தியவாதி சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து 1956 அக்டோபர் 13-இல் உயிர்விட்டார். பெயர் மாற்றம் அவர் கோரிக்கைகளில் ஒன்று. அது நிறைவேறாமலேதான் நவம்பர் 1 வந்தது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்றது; 2021-இல் அடுத்து வந்த அரசு அதை ஜூலை 18-க்கு மாற்றி அறிவித்தது. பழைய செய்தித் துணுக்கைப் பார்த்து எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அண்டை மாநிலங்களைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். கேரளப் பிறவி நாளில் சிக்கலில்லை; அது 1956 நவம்பர் 1-தான். கர்நாடகம் 1956-இல் மைசூர் மாநிலம்தான். பெயர் மாறியது 1973 நவம்பர் 1-இல். ஹரியாணா 1966-இலும் சத்தீஸ்கர் 2000-இலும் இதே தேதியில் உருவானவை.

புதுச்சேரிக்கு நவம்பர் 1 விடுதலை நாள், ஆண்டு 1954. கீழூரில் அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். பிரான்சு நிர்வாகத்தை ஒப்படைத்தது நவம்பர் 1-இல். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். காரைக்கால், மாஹே, யானம் மூன்றுக்கும் சட்டப்படியான கைமாற்றத் தேதி இதுவே. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் அதற்கு முன்பே பிரிந்துவிட்டதால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.