குளத்தைப் பாக்கோம் சரி, பக்கத்துப் பொட்டலை யாரு பாக்கது?

பாளையங்கோட்டைக்கு தெக்க ரெட்டியார்பட்டி ரோடானாலும் சரி, கே.டி.சி நகர் தாண்டி தூத்துக்குடி ரோடானாலும் சரி, இப்ப எங்க பாத்தாலும் கல்லு நட்டு கொடி கட்டி பிளாட் போட்டுக்கிட்டு இருக்காங்க. வீடே வேண்டாம்னு நான் சொல்லல, ஊர் வளரத்தான செய்யும். ஆனா "அங்க என்ன அண்ணாச்சி இருக்கு, வெறும் உடைமரமும் பொட்டலும், சும்மாதான கெடக்கு"ன்னு புரோக்கர்மாரு சொல்லும்போது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்கு.

அந்தப் பொட்டல்லதான் கௌதாரி, முயல், கீரி எல்லாம் இருக்கு. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது, வெறுந்தரையில சரளைக்கல்லுக்கு நடுவுலயே முட்டை போடும், முட்டையும் கல்லுநிறத்துல புள்ளி புள்ளியா இருக்கதால கிட்ட போனாக்கூட தெரியாது. அது முட்டை போடுத கோடைக்காலத்துலதான் நாமளும் ஜேசிபி விட்டு மட்டம் பண்ணுதோம். தலைக்கு மேல சுத்திச் சுத்தி கத்துச்சுன்னா பக்கத்துல முட்டையோ குஞ்சோ இருக்கு, அந்த இடத்தை மட்டும் ஒரு மாசம் விட்டுட்டா போதும், குஞ்சு பொரிச்சு கொஞ்ச நேரத்துலயே நடக்க ஆரம்பிச்சிரும்.

குளம்னா இப்ப எல்லாருக்கும் அக்கறை வந்துருக்கு, 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பெறவு கேக்கவே வேண்டாம். ஆனா மழைத்தண்ணி முதல்ல விழுத இடம் பொட்டல்தான, அங்க ஊறி ஓடை வழியா மெதுவா குளத்துக்குப் போகும். கருப்பு அரிவாள்மூக்கன்னு சொல்லுத பறவை கூட குளத்தை விட காஞ்ச தரையிலதான் அதிகமா மேயும். திருநெல்வேலி பக்கத்துல கங்கைகொண்டான்ல 2013ல 288 ஹெக்டேரை புள்ளிமான் சரணாலயமா அறிவிச்சாங்க, பக்கத்துலயே சிப்காட் தொழிற்பேட்டையும் நாலுவழிச்சாலையும். மானுக்கு எல்லைக்கல்லு தெரியுமா, தண்ணி தேடி வெளிய வந்தா நாயும் வண்டியும்தான் நிக்கு. இதுல ஓடையோரம் கோழிக்கழிவை வேற கொட்டி நாயைப் பெருக்குதோம், அதையாவது உடனே நிறுத்தலாம்.

பெரிய காடு இருந்தாத்தான் முடியும்னு இல்ல. திருப்புடைமருதூர்ல கோயிலைச் சுத்தி ஏழு ஏக்கர் போல இருக்கும், அதைத்தான் 2005ல பறவைகளுக்காக பாதுகாப்பு இடமா அறிவிச்சாங்க. கூந்தன்குளம் 1994ல பறவைகள் சரணாலயமாச்சு, 2022ல உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட ராம்சார் பட்டியல்லயும் வந்துச்சு, ஆனா பறவை பயந்துரக்கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி போடாம இருக்காங்க பாருங்க அந்த ஊர்க்காரங்க, அவங்களைத்தான் நான் முதல்ல கும்பிடுவேன்.

நம்ம கையில இருக்கது ஓ.எஸ்.ஆர் இடம், அதாவது பிளாட் போடும்போது பொதுவுக்குன்னு ஒதுக்குத திறந்தவெளி. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல, அதாவது ரெண்டரை ஏக்கருக்கு மேல லேஅவுட் போட்டா, ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது இடமா கொடுத்தே ஆகணும், அதுக்குக் கீழ இருந்தா பணமா கட்டவும் வழி இருக்கு. அந்த இடத்தை எங்கயாவது ஒரு மூலையில தள்ளாம ஓடையையோ குளத்தையோ ஒட்டி ஒரே துண்டா ஒதுக்கச் சொல்லணும், சீமைக்கருவேலத்தை மட்டும் எடுத்துட்டு உடைமரத்தையும் மஞ்சணத்தியையும் அப்படியே விடச் சொல்லணும். அப்ரூவல் ஆகுததுக்கு முன்னாடியே கேக்கணும், கல்லு நட்டபெறவு யாரும் வரைபடத்தை மாத்தமாட்டாங்க. எங்க பக்கம் புதுசா வரப்போற ஒரு லேஅவுட்டுக்கு இதையே மனுவா எழுதிக்கிட்டு இருக்கோம், அக்கம்பக்கத்துல உள்ளவங்க வந்து கையெழுத்து போடுங்க.